முதலில் கொடி, பிறகு பந்தல்

பந்தல் போடலாம் என்றதும் பலரும் முதலில் கம்பு வாங்கத்தான் கிளம்புகிறார்கள். எந்தக் கொடி ஏறப்போகிறது என்று தீர்மானித்துவிட்டுப் போனால் காசு மிச்சம். அவரைக்கும் பாகலுக்கும் சவுக்குக் கம்பும் நைலான் வலையும் போதும். சுரை அப்படியில்லை. ஒரு காயே இரண்டு கிலோ தொங்கும். மழையில் நனைந்த இலையின் கனம் வேறு. எங்கள் மூங்கில் பந்தல் ஓர் ஐப்பசி இரவில் காயும் பிஞ்சுமாகப் படுத்துவிட்டது. விடிந்து பார்த்தால் மூங்கில் முறியவேயில்லை. மண்ணுக்குள் இருந்த பகுதியைக் கரையான் தின்றிருந்தது. அதற்கப்புறம், புதைக்கிற இரண்டடிக்குத் தார் பூசாமல் எந்தக் கம்பையும் நடுவதில்லை. வசதியிருந்தால் கல்தூணோ இரும்புக் குழாயோ போட்டுவிடுங்கள். மொட்டைமாடி என்றால் பழைய பெயிண்ட் வாளியில் சிமெண்ட் கலவை ஊற்றிக் காலை நிறுத்தி, கைப்பிடிச் சுவரோடும் இழுத்துக் கட்ட வேண்டும்.

உயரம் ஆறடி, மிஞ்சினால் ஆறரை. அதற்கு மேல் போனால் காய் பறிக்க ஸ்டூல் தேட வேண்டும். குறைந்தால் நீளப் புடலை தரையைத் தொடும். பந்தல் நிழல் தரும், ஆனால் நிழலில் போட்ட பந்தல் காய்க்காது. மாமரத்தடி வேண்டவே வேண்டாம்.

ஆடியிலோ தையிலோ விதை ஊன்றி, சணல் கயிற்றில் ஒற்றைத் தண்டாக ஏற்றுங்கள். வழியில் வரும் பக்கக் கிளைகளைக் கிள்ளிவிடுங்கள். கொடி பந்தலைத் தொட்டதும் நுனியையும் கிள்ளினால் மேலே நாலாபக்கமும் கிளைத்துப் படரும். சுரையிலும் பாகலிலும் அந்தக் கிளைகளில்தான் பெண்பூ அதிகம். அடியில் குட்டிப் பிஞ்சோடு இருப்பது பெண்பூ. முதலில் பூப்பவை பெரும்பாலும் ஆண்பூக்கள். உதிர்ந்தால் பதற வேண்டாம். பெண்பூவும் பிஞ்சோடு வெம்பி விழுகிறதா? மகரந்தம் சேரவில்லை என்று பொருள். பீர்க்கும் சுரையும் மாலையில் மலர்பவை. பொழுது சாயும்போது ஓர் ஆண்பூவைப் பறித்து, இதழை நீக்கி, பெண்பூவின் நடுவில் மெல்லத் தொட்டு எடுங்கள்.

புடலைப் பிஞ்சின் நுனியில் சின்னக் கல்லைக் கட்டித் தொங்கவிட்டால் சுருளாமல் நேராக இறங்கும். பீர்க்கில் நல்ல காய் ஒன்றைப் பறிக்காமல் விட்டுவையுங்கள். கொடியிலேயே காய்ந்து சலசலத்தால் அடுத்த பட்டத்துக்கு விதை. மிஞ்சிய கூடு முதுகு தேய்க்க.