பழுப்புக் குறுமீன்களின் முகில்களும் வளிமண்டலச் சுழற்சியும்: கணினி உருவகங்களில் துகள் பருமனின் இடம்

நெய்வேலி அனல்மின் நிலையப் புகைபோக்கியிலிருந்து வெளியேறும் சாம்பலில் பருமனான துகள்கள் அருகிலேயே வீழ்கின்றன. நுண்துகள்களைக் காற்று நெடுந்தொலைவு சுமந்து செல்கிறது. ஈர்ப்புக்கும் மேலெழும் காற்றுக்கும் இடையிலான இப்போட்டியே பழுப்புக் குறுமீன்களின் முகில்களையும் தீர்மானிக்கிறது. பழுப்பு நிலக்கரியோடு பெயரொற்றுமை தற்செயலானது. இவ்விண்பொருள்களின் நிறம் உண்மையில் பழுப்பும் அன்று.

சூரிய நிறையில் ஏறத்தாழ 7 விழுக்காட்டிற்குக் குறைந்த பொருளில் ஐதரசன் பிணைவு நிலைபெறாது என்பதை 1963இல் சிவ் குமார் கணித்துக் காட்டினார். அணைந்துகொண்டே செல்லும் இவற்றில் 2000 முதல் 1300 கெல்வின் வரை சிலிகேட்டும் இரும்பும் முகிலாகின்றன. மேலும் குளிர்ந்தால் அம்முகில்கள் கண்ணுக்கெட்டா ஆழத்தில் அமிழ்கின்றன. 2014இல் அறியப்பட்ட, ஏறத்தாழ 250 கெல்வின் வெப்பநிலையுள்ள குறுமீனிலோ நீர்ப்பனி முகில்களே எதிர்பார்க்கப்படுகின்றன.

புவியின் காற்றோட்டத்தை இயக்குவது வெயில். தனித்து அலையும் குறுமீனுக்கு வெயில் இல்லை. வெப்பம் முழுதும் உள்ளிருந்தே வருகிறது. எனில், அங்குக் காற்றை இயக்குவது எது? சியான்யு டானும் ஆடம் ஷோமனும் 2021இல் வெளியிட்ட முப்பரிமாண உருவகங்கள் முகிலையே காரணமாகக் காட்டின. முகில் வெப்பத்தைத் தடுக்க, அங்குள்ள காற்று சூடேறி எழுந்து மேலும் முகிலை வளர்க்கிறது. முகிலற்ற இடமோ குளிர்ந்து தாழ்கிறது. இவ்வாறு தோன்றும் சுழல்களின் அகலத்தைச் சுழற்சி வேகம் கட்டுப்படுத்துகிறது. லூமன் 16பி என்னும் குறுமீன் ஏறத்தாழ 5 மணி நேரத்தில் ஒருமுறை சுழல்கிறது.

எனினும், இத்தகைய உருவகங்கள் பலவற்றில் துகளின் பருமனோ எண்ணிக்கையோ விளைவாகப் பெறப்படுவதில்லை, முன்கூட்டியே இடப்படுகிறது. அதை மாற்றினால் முகிலின் தடிப்பும், அதனோடு காற்றோட்டமும் மாறிவிடும். ஆகவே ஒளி ஏற்ற இறக்கத்தோடு உருவகம் பொருந்துவது மட்டும் போதிய சான்றாகாது.

மாற்றுச் சான்றாக ஒளியின் தளவிளைவு அமைகிறது. பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனத்தைச் சேர்ந்த சுஜன் சென்குப்தா, வினோத் கிருஷண் ஆகியோர் 2001இல் இதனை முன்வைத்தனர். அதன் வேர் சந்திரசேகரின் 1950ஆம் ஆண்டுக் கதிர்வீச்சுக் கடத்தல் நூலில் உள்ளது. துகள்களில் சிதறிய ஒளி, முழுவட்டத் தட்டில் ஒன்றையொன்று நீக்கிவிடும். குறுமீன் தட்டையாயினும் முகில் சீரற்றதாயினும் எச்சம் மிஞ்சும். லூமன் 16ஏ-யில் 2020இல் அறிவிக்கப்பட்ட எச்சத்தைத் தட்டைத்தன்மையால் மட்டும் விளக்க இயலவில்லை. பட்டைகளாக அமைந்த முகில்கள் தேவைப்பட்டன. அதன் இணையான 16பி-யில் எச்சம் மிகச் சிறிதாதலின், அங்குக் காரணத்தைப் பிரித்தறிய முடியவில்லை.