படபடப்பும் தஞ்சோங் ரம்புத்தானும்

ரப்பர் மரங்கள் செம்பனைக்கு இடம் விட்டு, தொழிலாளர் லயங்கள் இடிபட்டு, மலேசியாவின் பேராக் மாநிலத் தோட்டத்து ஜனங்களில் பலர் ஈப்போவின் ஓரத்து மலிவு வீடுகளில் குடியேறிய பிறகு, விடியுமுன் வேலைக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் நின்று பழகிய தாய்மார் சிலர், "நெஞ்சு படபடன்னு அடிக்குதய்யா, விரலெல்லாம் மரத்துப் போவுது, உசுரு போயிரும் போல இருக்கு" என்று நடுநிசியில் ஆஸ்பத்திரிக்கு ஓடுவதும், இருதயத்தில் கோளாறில்லை என்று கேட்டுத் திரும்பி, மறுவாரமே முனியாண்டி கோயிலில் கயிறு கட்டிக்கொள்வதும் நம்மிடையே புதிதன்று.

அவர்கள் பட்ட அவஸ்தை பொய்யன்று. அபாயம் வந்ததென்று மூளை எண்ணிய மாத்திரத்தில் அட்ரினலின் சுரந்து இருதயம் விரைகிறது. மூச்சு மிகையாக வாங்குவதால் கரியமிலவாயு அளவுக்குமேல் வெளியேறி, விரல்களில் ஊசி குத்துவதும் தலைசுற்றலும் உண்டாகின்றன. சில நிமிஷங்களில் உச்சத்தை எட்டும் இந்தப் பீதி தானாகவே தணியும். மூக்கால் மெல்ல இழுத்து, இழுத்ததைவிட நீண்ட நேரம் வெளிவிட்டால் தணிவு எளிதாகும். அருகிலிருப்பவர் "ஒண்ணுமில்லே, போய்ப் படு" என்று அதட்டாமல் கூட உட்கார்ந்து மூச்சை எண்ணிக்கொடுப்பது பேருதவி. ஆயினும் மார்வலியை முதன்முறை கண்டவர் வைத்தியரிடம் போயே தீரவேண்டும். இருதய நோயன்றி, தைராய்டுக் கோளாறும் இரத்தசோகையுங்கூடப் படபடப்பைத் தரும்.

பீதியாக வெடிக்காமல், காரணம் புலப்படாத கவலையாகவே மாதக்கணக்கில் நீடித்து, தூக்கத்தையும் ஜீரணத்தையும் கெடுத்து, எடுத்ததற்கெல்லாம் எரிந்துவிழச் செய்யும் பதற்றமும் உண்டு. ஆண்கள் பலர் இதைச் சம்சு என்னும் மலிவுச் சாராயத்தைக் குடித்து அடக்கப் பார்க்கிறார்கள். போதை இறங்கியதும் அது முன்னிலும் மூர்க்கமாகத் திரும்புகிறது.

இத்தனைக்கும் சிகிச்சை இருக்க, அதை நாடவிடாமல் ஜனங்களைத் தடுப்பது ஓர் ஊரின் பெயர். 1911இல் ஈப்போவுக்கு அருகே தஞ்சோங் ரம்புத்தானில் தொடங்கப்பட்டு, இன்று பஹாகியா உலு கிந்தா மருத்துவமனை என வழங்கும் மனநோய் ஆஸ்பத்திரியைச் சொல்லி, "உன்னைத் தஞ்சோங் ரம்புத்தானுக்குத்தான் அனுப்பணும்" என்று ஏசும் கொடிய வழக்கத்தை நாம் இக்கணமே விட்டொழிக்க வேண்டும். அந்த ஏச்சுக்கு அஞ்சியே எத்தனையோ பேர் வாய் திறவாமல் வாடுகிறார்கள். பதற்றநோய்க்காரர்களில் மிகப் பெரும்பாலோர் எந்த ஆஸ்பத்திரியிலும் தங்க வேண்டியதே இல்லை. ஒரு ரிங்கிட் கட்டும் அரசாங்கக் கிளினிக்கிலேயே, சிறு வினாத்தாளைக் கொண்டு பரிசோதித்து வழிகாட்டுவார்கள். 15555 என்ற சுகாதார அமைச்சின் தொலைபேசி எண்ணும் உண்டு. பயத்தைச் சிறிது சிறிதாக எதிர்கொள்ளப் பழக்கும் ஆலோசனை பலருக்குப் போதுமானது. மாத்திரை தேவைப்பட்டால் அது பலன் தரச் சில வாரங்கள் பிடிக்குமாதலால், முதல் வாரத்திலேயே "ஒண்ணும் கேக்கல" என்று நிறுத்திவிடாமலும், குணம் தெரிந்ததும் வைத்தியரைக் கேளாது விட்டுவிடாமலும் இருப்பது அவசியம்.