மலைப்பாம்பின் வம்சமும் பதிவுப் பத்திரமும்

மத்திய சர்க்கார் 2024 பிப்ரவரி 28 அன்று அறிவித்த விதிகளின்படி, வனவிலங்குச் சட்டத்தின் நான்காம் அட்டவணையிற் கண்ட பிராணிகளை வைத்திருப்போர் சர்க்காரின் ‘பரிவேஷ்’ இணையதளத்தில் பதிந்துகொள்ளும் கெடு அவ்வாண்டு ஆகஸ்டு 28-இல் முடிந்தது. ‘பால் பைத்தான்’ (ball python) எனும் மலைப்பாம்பு வகையை வளர்க்கும் வாசகர் பலர், தம் பாம்பின் வம்சம் கலப்பற்றது என்பதற்கும் அந்தப் பதிவுப் பத்திரம் அத்தாட்சியாகுமா என்று கேட்டு எழுதியிருக்கிறார்கள். ஆகாது. பிராணி இன்னார் வசம் இருக்கிறது என்பதை அது சொல்லும். பிராணியின் பாட்டன் யார் என்பதைச் சொல்லாது. 2020-இல் இத்தகைய பிராணிகள் தம் வசமிருப்பதைத் தாமாக முன்வந்து தெரிவித்தவர்களிடம் சர்க்கார் எந்தப் பத்திரமும் கேட்கவில்லை. உடையவர் வாக்கே ஆதாரமாயிற்று. அந்த அஸ்திவாரத்தின்மேல் எழுந்த ஆவணத்தை வம்ச சாட்சியாகக் கொள்ள எனக்கு மனம் ஒப்பவில்லை.

கண்ணால் பார்த்துத் தீர்மானிக்கலாமே என்பார்கள். வேறு இரு மலைப்பாம்புகளை உதாரணமாகக் கொள்வோம். நம் நாட்டு மலைப்பாம்பின் மேலுதட்டுச் செதில் கண்ணைத் தொட்டு நிற்கும். பர்மிய மலைப்பாம்பில் இரண்டுக்கும் நடுவே சிறு செதில்கள் வரிசையாகக் குறுக்கிடும். ஆனால் இவ்விரண்டும் கூடிப் பிறந்த பெண்ணைத் தலைமுறைதோறும் பர்மிய ஆணோடு சேர்த்து வந்தால், நாட்டுப் பாம்பின் பங்கு அரை, கால், அரைக்கால், மாகாணி எனத் தேய்ந்து, உருவத்தில் பர்மியமே எஞ்சும்.

வளர்ப்பு வணிகத்தின் வழியே ஃபுளோரிடாவை அடைந்து, அங்குள்ள சதுப்புக் காட்டில் பெருகிவிட்ட மலைப்பாம்புகளில் ஏறக்குறைய 400-ஐச் சோதித்த அமெரிக்க விஞ்ஞானிகள், பர்மியம் என்றே கருதப்பட்டவற்றுள் 13-இல் நாட்டு மலைப்பாம்பின் அடையாளத்தைக் கண்டதாக 2018-இல் வெளியிட்டார்கள். அதைக் காட்டிக்கொடுத்தது மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ. தாயிடமிருந்து மட்டுமே சந்ததிக்கு இறங்குவதாகையால், எத்தனை தலைமுறை பர்மிய ஆண்களோடு சேர்ந்தாலும் அது தேய்வதில்லை. இந்தச் சாமர்த்தியமான சோதனையிலேயே என்னைக் கலங்கச் செய்யும் குறையும் உண்டு: கலப்பு பாட்டன் வழியே வந்திருந்தால் அது மௌனம் சாதிக்கும். ஆகவே, ‘தாய்வழிச் சோதனையில் தேறியது’ என்று விற்பவர் காட்டும் காகிதம் தாய், தாயின் தாய் என்று போகும் ஒரே வரிசைக்கே பேசுகிறது. மீதி வம்சத்துக்கு, செல்களின் உட்கருவிலுள்ள டி.என்.ஏ.வையும் ஆராய வேண்டும். அல்லது எந்த ஆணை எந்தப் பெண்ணோடு எந்த நாளில் விட்டோம் என்று முதல் ஜோடியிலிருந்தே விடாமல் எழுதிய ஏடு வேண்டும்.

இனி, வாசகர் கேட்கக்கூடிய பிற கேள்விகள். ஒரே ஆணைத்தான் விட்டேன், தந்தை அதுதானே? நிச்சயமில்லை, பெண் பாம்பு முன் கூடிய ஆணின் விந்தை மாதக்கணக்கில் உடலில் தேக்கி வைக்க வல்லது.

உடன்பிறந்தவற்றையே கூட்டி வம்சத்தைக் காக்கலாமா? கூடாது. ஸ்வீடனில் தனிமைப்பட்டுப்போன ஒரு விரியன் கூட்டம் நெருங்கிய உறவுக்குள்ளேயே கூடியதால் செத்த குட்டிகளை ஈன்று நலிந்து, 1992-இல் வெளியிலிருந்து 20 ஆண்களைக் கொண்டுவந்து விட்ட பின்னரே தேறியது.

குஞ்சு பொரித்தால்? அதையும் தளத்தில் தெரிவிக்க வேண்டும்.

நாட்டு மலைப்பாம்பை இப்பதிவில் சேர்க்கலாமா? கூடாது, அது முதல் அட்டவணைப் பிராணி.