வளையல் போட்டு அழைத்தால் வருவார்கள்

"நாளை காலை பத்து மணிக்கு அங்கன்வாடியில் குழந்தை வளர்ப்புக் கூட்டம்" என்று சொல்லிவிட்டுப் போனால் எத்தனை தாய்மார் வருவார்கள்? திருவேங்கடம் பக்கம் தீப்பெட்டி வேலை செய்கிற பெண்ணை நினைத்துப் பாருங்கள். செய்த அளவுக்குத்தான் கூலி. ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்டால் அந்தக் கூலி இன்றைக்கே போகும். கேட்டதன் பலனோ பிள்ளை வளர்ந்த பிறகுதான் தெரியும். வராதவளை அக்கறையில்லாதவள் என்று பேசுவது பெரிய அநியாயம்.

இன்றைய சின்ன இழப்பு நாளைய பெரிய நன்மையைவிடக் கனமாகத் தோன்றுவது எல்லா மனிதருக்கும் உள்ள இயல்பு. மனிதர் உண்மையில் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்று ஆராயும் நடத்தைப் பொருளியல் இதை ஏற்றுக்கொண்டுதான் வேலையைத் தொடங்குகிறது. தடுப்பூசியில் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு.

ராஜஸ்தானின் உதயப்பூர் பகுதியில் 134 கிராமங்களில் பொருளியல் அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ முதலானோர் சேவா மந்திர் தொண்டு நிறுவனத்தோடு சேர்ந்து நடத்திய ஆய்வு 2010இல் வெளியானது. வழக்கமான சேவை மட்டும் இருந்த ஊர்களில், ஒன்று முதல் மூன்று வயதுக் குழந்தைகளில் 6 சதவீதம் பேருக்கே எல்லாத் தடுப்பூசியும் போடப்பட்டிருந்தது. மாதாமாதம் தவறாமல் முகாம் நடந்த ஊர்களில் 18 சதவீதம். முகாமோடு, ஒவ்வொரு முறை வரும்போதும் ஒரு கிலோ பருப்பு, எல்லா ஊசியும் முடிந்ததும் சாப்பாட்டுத் தட்டு என்று கொடுத்த ஊர்களில் 39! பருப்புச் செலவையும் சேர்த்த பிறகும் ஒரு குழந்தைக்கு எல்லா ஊசியும் போட்டு முடிக்க ஆன செலவு, முகாம் மட்டும் நடந்த ஊர்களைவிட ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. இரண்டு பேர் வந்தாலும் இருபது பேர் வந்தாலும் செவிலியரின் ஒரு நாள் சம்பளம் ஒன்றுதானே.

சிகாகோவில் நடந்த இன்னோர் ஆய்வில் ஏழைக் குடும்பங்களின் பெற்றோருக்குப் பருப்பு, தட்டு போன்ற பரிசு தேவைப்படவில்லை. பிள்ளைக்கு வாசித்துக் காட்ட வாராவாரம் அவர்களே ஓர் இலக்கு வைத்தார்கள்; குறுஞ்செய்தியாக நினைவூட்டல் வந்தது. ஆறு வாரத்தில் வாசிப்பு நேரம் இரு மடங்கைத் தாண்டியது.

நம் ஊரிலும் ஒரு நல்ல வழி இருக்கிறது: அரசு நடத்தும் சமுதாய வளைகாப்பு. கர்ப்பிணிகளை வரிசையாக உட்காரவைத்துச் சந்தனம் பூசி, வளையல் அடுக்கி, கலவை சாதம் பரிமாறுகிறார்கள். சத்துணவு, பரிசோதனை பற்றிய பேச்சும் அதற்குள்ளேயே வந்துவிடுகிறது. கூட்டமென்றால் தயங்குகிறவள், வளைகாப்பென்றால் மாமியாரோடு வந்துவிடுவாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் உட்கார்ந்திருக்கும் வரிசையில் தன் இடம் காலியாக இருப்பதை யார்தான் விரும்புவார்கள்?

குழந்தை பிறந்த பிறகு அந்த அழைப்பு மறுபடி வெறும் 'கூட்டம்' ஆகிவிடுவதுதான் எனக்கு வருத்தம். வேலை முடிந்த மாலை நேரத்தில், கைப்பிள்ளையோடு வரச் சொல்லி, ஒரு கிண்ணம் சுண்டலோடு அதை நடத்தலாம். ஒன்பதாம் மாதம் வளையல் போட்டுவிட்ட அதே அங்கன்வாடி அக்கா வாசலில் நின்று பேர் சொல்லிக் கூப்பிடட்டும்.