ஓடுகின்ற வண்டியும் ஓடத் தகுந்த வண்டியும்



மோட்டார் சைக்கிளின் நம்பகத்தன்மை பற்றியும், வருடந்தோறும் நடைபெறும் வீதித் தகுதிப் பரிசோதனைகளில் அவ்வண்டிகளிற் காணப்படும் குறைகள் பற்றியும் இன்று சில வார்த்தைகள் கூற எண்ணுகின்றேன். கலைத்துறையிற் பட்டம் பெற்றுப் பாடசாலையிலே காலங் கழித்த ஒருவனுக்கு இயந்திரத்தைப் பற்றிப் பேச யாது தகுதி உண்டு எனச் சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. முப்பது ஆண்டுகளாக மோட்டார் சைக்கிளிலேயே பாடசாலைக்குச் சென்று வருபவன் என்பது ஒன்று. சென்ற ஆண்டு நிகழ்ந்த ஒரு விபத்து இவ்விடயத்தைச் சிறிது கற்கும்படி என்னைத் தூண்டியது என்பது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் மேலாக வேறு தகுதி எனக்கில்லை.

எங்கள் பாடசாலையிலே கணிதம் கற்பிக்கும் இளம் ஆசிரியர் ஒருவர் தமது வண்டிக்குரிய புகைப் பரிசோதனையைச் செய்வித்து, வருமான அனுமதிப்பத்திரத்தையும் புதுப்பித்துக் கொண்டார். அதன் பின் பத்து நாட்கள் சென்றிருக்கும். பொழுது மங்கிய வேளையிலே வீடு திரும்பியவர், மாடொன்று குறுக்கே வர, சட்டென்று பிறேக் பிடித்தார். பின்னால் வந்த சிறிய லொறி அவரை மோதிவிட்டது. கால் எலும்பு முறிந்து மூன்று மாதம் படுக்கையிலே கிடந்தார். லொறிச் சாரதி தப்பி ஓடவில்லை. தாமே அவரை வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றார். அங்கே அவர் என்னிடம் கூறியது இவ்வளவே: "சிவப்பு விளக்கு எரியவில்லை ஐயா, அவர் நிற்கிறார் என்பது எனக்குத் தெரியவில்லை." வண்டியைப் பரிசோதித்தபோது அவர் கூற்று உண்மையெனத் தெரிந்தது. ஆசிரியரோ கட்டிலிற் கிடந்தபடி, "இந்த வண்டி ஒரு நாளாவது என்னை வழியிலே விட்டதில்லையே ஐயா!" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

அதுவும் உண்மைதான். ஆயின், அவர் கூறியது வண்டியின் ஒரு குணத்தை; லொறிச் சாரதி கூறியது வேறொரு குணத்தை. காலையிலே உதைத்தவுடன் எஞ்சின் உயிர் பெறுவதும், போகுமிடம் வரை நில்லாது செல்வதும் நம்பகத்தன்மை எனப்படும். நிற்க வேண்டிய இடத்தில் நிற்பதும், பிறர் கண்ணிற் படுவதும், திருப்பிய பக்கம் திரும்புவதும் வீதித் தகுதியாகும். முன்னையது கெட்டால் வண்டி நின்றுவிடும். அதனால் நமக்குத் தெரிந்துவிடும். பின்னையது கெட்டாலும் வண்டி ஓடிக்கொண்டேயிருக்கும். அதனாலேயே நமக்குத் தெரிவதில்லை.

நமது நாட்டிலே பதிவு செய்யப்பட்ட வாகனங்களுள் பாதிக்கு மேற்பட்டவை மோட்டார் சைக்கிள்களே. பேருந்து, லொறி முதலியவற்றுக்குத் தகுதிச் சான்றிதழ் வேண்டும். மோட்டார் சைக்கிளுக்கு அது வேண்டியதில்லை. 2008ஆம் ஆண்டு தொடங்கிய புகைப் பரிசோதனையில் தேறிக் காப்புறுதிப் பத்திரமும் வைத்திருந்தாற் போதுமானது. புகைப் பரிசோதனை நன்மையானதே. நாம் சுவாசிக்கும் காற்று அதனாற் காக்கப்படுகின்றது. எனினும், புகைக்குழாயினுள்ளே கருவியை நுழைத்துப் பார்ப்பவர் பிறேக்கைத் தொட்டுப் பார்ப்பதில்லை. பரிசோதனையிலே தேறிவிட்டது என்ற சொல், பார்க்கப்படாத உறுப்புக்களுக்கும் சேர்த்துச் சான்றளிப்பதாக நாம் எண்ணிக்கொள்கின்றோம். எங்கள் ஆசிரியரும் அவ்வாறே எண்ணினார்.

இவ்வுறுப்புக்களையெல்லாம் வருடந்தோறும் பரிசோதித்து, காணப்பட்ட குறைகளைப் பதிந்தும் வைக்கும் நாடு பிரித்தானியா. ஆகவே, மோட்டார் சைக்கிள்களிலே எவ்வெக் குறைகள் மிகுதியாக உண்டாகின்றன என்பதை அறிய விரும்புவோர் அந்நாட்டை நோக்குதல் பொருந்தும். அங்கே அப்பரிசோதனை 1960ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத்திலே தொடங்கியது. பத்து ஆண்டுகள் கடந்த வாகனங்களே முதலிற் பரிசோதிக்கப்பட்டன. பார்க்கப்பட்டவை பிறேக், விளக்கு, திசைதிருப்பும் பாகம் ஆகிய மூன்றே. தேறாத வாகனங்களின் தொகை அதிகாரிகளைத் திடுக்கிடச் செய்தது. ஆதலின், அடுத்த ஆண்டிலேயே பத்து ஆண்டு என்ற எல்லை ஏழாகவும், 1967இலே மூன்றாகவும் குறைக்கப்பட்டது. 1968இல் ரயரும் பரிசோதனையிற் சேர்ந்தது. இன்று அந்நாட்டிலே புதிய மோட்டார் சைக்கிள் மூன்றாண்டு நிறைந்ததும், அதன்பின் ஒவ்வோர் ஆண்டும் பரிசோதனைக்குச் செல்லுதல் வேண்டும். இதிலே ஒரு விநோதம் உண்டு. அங்கே மோட்டார் சைக்கிளின் புகையைக் கருவி கொண்டு அளப்பதில்லை. நாம் அளப்பதை அவர்கள் விட்டுவிட்டார்கள்; அவர்கள் பார்ப்பதை நாம் விட்டுவிட்டோம்!

அப்பரிசோதனைகளிலே, முதல் முறையிற் தேறாத மோட்டார் சைக்கிள்கள் ஏறத்தாழ ஆறில் ஒன்று எனலாம். கார்களோடு ஒப்பிட இது குறைவே. ஆயின், என்னைச் சிந்திக்க வைத்தது தொகையன்று, காரணமே. தேறாமைக்குரிய காரணங்களுள் முதலிடம் பெறுவது விளக்குகள். அடுத்து வருவது பிறேக். அதன் பின் ரயர், அதிர்வு தாங்கி, திசைதிருப்பும் பாகம் என்பன. எஞ்சினைக் கழற்றிப் பார்ப்பது அப்பரிசோதனையின் வேலையன்று. ஓட்டுநர் அல்லும் பகலும் கவலைப்படுவது எஞ்சினைப் பற்றி. வண்டி தவறுவதோ சில நூறு ரூபா பெறும் மின்குமிழினால்.

விளக்கு ஏன் இவ்வாறு முதலிடம் பெறுகின்றது? மோட்டார் சைக்கிளிலே அதிர்வு மிகுதி. குமிழினுள்ளே இருக்கும் மெல்லிய இழை நடுங்கி நடுங்கி அறுந்துபோகும். மழைநீரும் கடற்காற்றும் மின்தொடுப்புக்களைக் களிம்பேறச் செய்யும். பிறேக் பிடிக்கும்போது எரியும் பின்விளக்குக்கோ வேறோர் இடையூறும் உண்டு. வலக்கைப் பிடியருகே ஓர் ஆளியும், வலக்கால் மிதியருகே மற்றோர் ஆளியும் அதனை இயக்குகின்றன. ஒன்று பழுதானாலும் மற்றது வேலை செய்யும். கையாற் பிறேக்கைப் பிடித்துப் பார்த்து, விளக்கு எரிகின்றது என்று திருப்தியடைந்தவர், காலால் மிதிக்கும்போது அது எரியாததை அறியமாட்டார். அன்றியும், தன் முதுகைத் தானே காண ஒருவராலும் இயலாது. முன்விளக்கு அணைந்தால் இருள் நமக்கே தெரியும்; பின்விளக்கு அணைந்தால் அந்த இருள் பிறருக்கே தெரியும்.

பிறேக்கைப் பற்றிச் சற்று விரிவாகக் கூற வேண்டும். பிரித்தானியப் பரிசோதனையிலே இரு பிறேக்குகளும் தனித்தனியே அளக்கப்படுகின்றன. வண்டியினதும் ஓட்டுநரினதும் நிறையோடு ஒப்பிட, ஒரு பிறேக் நூற்றுக்கு 30 வீதமாயினும், மற்றது 25 வீதமாயினும் தடுக்கும் வலிமை உடையதாய் இருத்தல் வேண்டும். நம்மவருட் பலர் முன் பிறேக்கைத் தொடுவதேயில்லை. தொட்டால் வண்டி தலைகீழாகக் கவிழும் என்ற அச்சம் அவர்களுக்கு. உண்மை யாதெனில், வண்டி வேகங் குறையும்போது பாரம் முன்னே சாய்கின்றது. முன் சில்லு நிலத்தை அழுத்திப் பற்றுகின்றது. பின் சில்லின் பிடி தளர்கின்றது. ஆகவே, நிறுத்தும் ஆற்றலிற் பெரும் பங்கு முன் சில்லுக்கே உரியது. பயன்படுத்தாத பிறேக்கின் கம்பிவடம் துருவேறி இறுகும். திரவத்தால் இயங்குவதாயின் அதன் முசலம் இறுகிப் போகும். பின்னர் ஒரு நாள் அவசரத்திலே அதனைப் பிடித்தால் அது உதவாது. அத்திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஆதலின் இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறையேனும் மாற்றப்பட வேண்டும். வண்டி வாங்கிய நாள் முதல் அதனை மாற்றாதவர்களை நான் அறிவேன். அவர்களுள் ஒருவன் நானாகவே இருந்தேன்.

ரயரைப் பற்றி நீளக் கூறத் தேவையில்லை. 50 கன சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட எஞ்சினுடைய வண்டிக்கு, ரயரின் அகலத்தில் நாலில் மூன்று பங்குக்கு வரிப்பள்ளம் ஒரு மில்லிமீற்றர் ஆழமாவது இருக்க வேண்டுமென்பது அந்நாட்டு விதி. மழை பெய்த வீதியிலே நீரை வெளியேற்றுவது அப்பள்ளமேயாம். மழுங்கிய ரயர் வெயிலிலே நன்றாகவே ஓடும். மாரி தொடங்கும்வரை அதன் குறை தெரியாது.

திசைதிருப்பும் பாகத்தின் குறை இன்னும் நுட்பமானது. கைபிடியின் கழுத்தினுள்ளே, போல்ஸ் என்று கராஜ்காரர் சொல்லும் உருக்குக் குண்டுகள் உண்டு. வண்டி பெரும்பாலும் நேரே செல்வதால், அக்குண்டுகள் ஒரே இடத்திலிருந்து இடித்து இடித்துச் சிறு குழிகளை உண்டாக்கும். முன் சில்லைத் தரையினின்று உயர்த்திக் கைபிடியை மெல்லத் திருப்பினால், நடுவிலே வந்து அது தானாகத் தடைப்பட்டு நிற்பதை உணரலாம். இக்குறை ஒரே நாளில் வருவதன்று. சிறிது சிறிதாக வருவதால், நம் கை அதற்குப் பழகிவிடுகின்றது. நெடுநாள் கழித்து வேறொருவர் அவ்வண்டியில் ஏறினால், "இது ஏன் இப்படி அலைகின்றது?" என்பார். முன் அதிர்வு தாங்கிகளிலிருந்து எண்ணெய் கசிவதும் அவ்வாறே. அவ்வெண்ணெய் பிறேக் தட்டிலே வடியுமாயின் ஆபத்து இருமடங்காகும்.

இனி, இப்பதிவுகளைப் பார்த்து எந்தக் கம்பனியின் வண்டி சிறந்தது என்று முடிவு கட்டலாமா என்றொரு கேள்வி எழும். பிரித்தானிய அரசாங்கம் 2005ஆம் ஆண்டு முதற்கொண்டான பரிசோதனை முடிவுகளை, உரிமையாளர் பெயரின்றி, யாவரும் பார்க்கும்படி வெளியிட்டுள்ளது. அதனைக் கொண்டு தரவரிசை வகுப்பவர்களும் உளர். நான் அவ்வாறு செய்யத் துணியேன். ஞாயிற்றுக்கிழமை மாத்திரம் வெளியே வந்து, மற்றைய நாளெல்லாம் கொட்டகையிலே துணி போர்த்துக் கிடக்கும் பெரிய வண்டி எளிதிலே தேறும். மழையிலும் பனியிலும் உணவுப் பொதி சுமந்து திரியும் சிறிய வண்டி எளிதிலே தவறும். இதனால் முன்னையதைச் செய்தவன் வல்லவன் என்றாகுமா? வசதியுள்ள வீட்டுப் பிள்ளையின் புள்ளிகளை, காலையிலே பால் விற்றுவிட்டு வரும் பிள்ளையின் புள்ளிகளோடு ஒப்பிட்டு ஆசிரியரின் திறமையை அளப்பது போன்றதே அது. பரிசோதனை அளப்பது செய்தவன் கைவண்ணத்தைக் காட்டிலும் வைத்திருப்பவன் கவனத்தையே.

இவ்விடத்திலே, வண்டியின் நம்பகத்தன்மை வளர்ந்ததனால் நேர்ந்த ஒரு விளைவையும் கூறவேண்டும். என் தந்தையார் வைத்திருந்த பழைய மோட்டார் சைக்கிள் நின்ற இடமெல்லாம் எண்ணெய்ப் பொட்டு இடும். வாரந்தோறும் பிளக்கைக் கழற்றித் துடைக்க வேண்டும். மின்பொறியை உண்டாக்கும் தொடுமுனைகளை அரத்தாள் கொண்டு தேய்க்க வேண்டும். அதற்காக நிலத்திலே குந்தியிருப்பவர் கண்ணில் ரயரும் படும், சங்கிலியும் படும், தளர்ந்த திருகாணியும் படும். 1958இலே யப்பானில் ஹொண்டாக் கம்பனி வெளியிட்ட சுப்பர் கப் முதலிய வண்டிகள் இந்நிலையை மாற்றின. சுப்பர் கப் வகை வண்டிகள் 2017ஆம் ஆண்டளவில் பத்துக் கோடியாகப் பெருகின. பிற்காலத்திலே மின்னணு முறையில் பொறி உண்டாக்கும் அமைப்பும் வந்து, தொடுமுனைகள் மறைந்தன. எஞ்சின் தொந்தரவு தருவதை நிறுத்தியது. நாம் குந்தியிருந்து பார்ப்பதையும் நிறுத்திவிட்டோம். ஆயினும் பிறேக் கட்டையும் ரயரும் சங்கிலியும் அன்று தேய்ந்தது போலவே இன்றும் தேய்கின்றன. அதே யப்பானிலும் 250 கன சென்ரிமீற்றருக்கு மேற்படாத மோட்டார் சைக்கிளுக்குக் கட்டாயப் பரிசோதனை இல்லை என்பது இங்கே கருதத்தக்கது. நம் வீதிகளிலே ஓடுபவை பெரும்பாலும் அவ்வளவினவே.

கருவி எதுவுமின்றி நாமே செய்யக்கூடியவை பல. பொழுது சாய்ந்தபின் வண்டியின் பின்புறத்தை ஒரு சுவரருகே நிறுத்தி, முதலிற் கையாலும் பின்னர் காலாலும் பிறேக்கைத் தனித்தனியே பிடித்தால், சுவரிலே சிவப்பு ஒளி தோன்றுகின்றதா என்பது ஓட்டுநருக்கே தெரியும். சங்கிலியின் நடுப்பகுதியை விரலால் மேலுங் கீழும் அசைத்தால், பெரும்பாலான வண்டிகளில் இரண்டு மூன்று சென்ரிமீற்றர் அளவே அசைய வேண்டும். முன் பிறேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டினால், கழுத்திலே தளர்வு இருப்பின் 'டக்' என்றொரு ஒலி கேட்கும். இவையனைத்துக்கும் ஐந்து நிமிடம் போதும்.

எங்கள் பாடசாலையிலே இப்பொழுது ஒவ்வொரு மாதமும் முதல் வெள்ளிக்கிழமை, வண்டிக் கொட்டகையின் சுவரருகே ஆசிரியர்கள் ஒருவர் வண்டியை மற்றவர் பார்க்கின்றனர். முதன்முறை பார்த்தபோது இருந்த வண்டிகள் பதினொன்று. காலால் மிதித்தபோது பின்விளக்கு எரியாதவை மூன்று. அவற்றுள் ஒன்று அதிபருடையது. கணித ஆசிரியரின் வண்டியிலே கண்ட குறையும் அதுவே: மிதியையும் ஆளியையும் இணைக்கும் சிறு சுருள்வில் கழன்று விழுந்திருந்தது. அது எப்போது விழுந்தது என்பதை அவராற் சொல்ல முடியவில்லை.