ஃபெயிலுக்கு எத்தனை பேர்!

ரிசல்ட் வந்த அன்று நம் ஹாஸ்டல் பக்கம் காதைக் கொடுத்துப் பாருங்கள். ‘ஊத்திக்கிச்சு’, ‘புட்டுக்கிச்சு’, ‘கோட்டு அடிச்சுட்டான்’, ‘ரெண்டு கப்பு’. ஃபெயில் என்ற வார்த்தையை மட்டும் எவனும் வாய் திறந்து சொல்ல மாட்டான். வெள்ளைக்காரப் பிள்ளைகளும் இதில் நமக்குச் சளைத்தவர்கள் அல்ல.

19-ஆம் நூற்றாண்டில் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பரீட்சையில் தோற்றவனை ‘பிளக்டு’ என்பார்கள். ‘பிளக்’ என்றால் பறிப்பது, பிடித்து இழுப்பது. பூப் பறிக்கவும் கோழி இறகு பிடுங்கவும் இதே சொல்தான். பரீட்சைக்கு எப்படி வந்தது? அங்கே பட்டமளிப்பு விழாவில் பிராக்டர் என்னும் அதிகாரிகள் மண்டபத்தில் சிறிது தூரம் நடந்து திரும்புவார்கள். ஆட்சேபம் உள்ளவர் அப்போது அவர்கள் அங்கியைப் பிடித்து இழுக்கலாம். யார் இழுப்பார்? மாணவனுக்குக் கடன் கொடுத்து ஏமாந்த கடைக்காரர்! ‘என் பாக்கியைக் கட்டாதவனுக்குப் பட்டமா?’ என்று கேட்கத்தான். சொல் இதிலிருந்தே பிறந்தது என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம்.

அமெரிக்காவில் ‘ஃபிளங்க்’. ‘ஐ ஃபிளங்க்டு மேத்’ என்றால் கணக்கில் போச்சு, அவ்வளவுதான். ‘ஃபிளங்க்டு அவுட்’ என்றால் கல்லூரியை விட்டே அனுப்பிவிட்டார்கள். ஒரு ‘அவுட்’டில் எவ்வளவு வித்தியாசம் பாருங்கள்! இரண்டும் நண்பர்களிடம் பேசும் பேச்சு, விண்ணப்பத்தில் எழுதிவிடாதீர்கள்.

நம் ‘அரியர்’ இருக்கிறதே, அதுவும் கடன்தான். லண்டன்காரரிடம் ‘டூ அரியர்ஸ்’ என்றால், பாவம், இரண்டு மாத வாடகை பாக்கி என்று நினைத்துக்கொள்வார். ஆனால் எனக்கு இந்தச் சொல்லைப் பிடிக்கும். எங்கள் வீட்டில் ஃபெயில் என்றால் படிப்பு முடிந்தது என்று அர்த்தம். மாமா இருவரும் பத்தாவதில் ஃபெயில். மறுநாளே செங்கல் சூளைக்குப் போனார்கள். பள்ளிக்கூடப் பக்கம் திரும்பவே இல்லை. அதனால் அரியர் என்றால் என்ன என்று அம்மா கேட்டபோது, “பாக்கிம்மா, அடுத்த செமஸ்டரில் எழுதிக் கட்டிடலாம்” என்றேன். “வட்டி உண்டாடா?” என்றார். “பரீட்சை ஃபீஸ் மறுபடி கட்டணும்” என்றதும், “அப்ப உண்டுன்னு சொல்லு” என்று சொல்லிவிட்டு, பயப்படாமல் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

இன்டர்வியூவில் ‘ஸ்டாண்டிங் அரியர் உண்டா?’ என்று கேட்பார்கள். நம் ஊர்க் கம்பெனி என்றால் அதே சொல்லில் பதில் சொல்லலாம். வெளி மாநிலத்தார் பலருக்கு ‘பேக்லாக்’ என்றால்தான் புரியும். கேரளாக்காரர் என்றால் ‘சப்ளி’!