ஆமை நடை (சென்னை)

ஆமை நடை என்பது ஆண்டுதோறும் சனவரி முதல் மார்ச் வரையிலான காலத்தில், சென்னைக் கடற்கரையில் இரவு நேரத்தில் தன்னார்வலர்கள் மேற்கொள்ளும் நடை ஆகும். முட்டையிடக் கரையேறும் பங்குனி ஆமைகளின் முட்டைகளைக் கண்டெடுத்து, வேலியிட்ட பொரிப்பகத்துக்கு மாற்றுவது இதன் நோக்கமாகும். மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு 1988 முதல் இதனை நடத்தி வருகிறது. நேப்பியர் பாலம் முதல் நீலாங்கரை வரையிலான ஏறத்தாழ 14 கி.மீ. கரை இந்நடைக்குள் அடங்குகிறது. இதில் பொதுமக்கள் அதிகம் அறிந்தது நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடைப்பட்ட 7 கி.மீ. பகுதி ஆகும்.

வழி

நீலாங்கரையில் தொடங்கும் நடை வடக்கு நோக்கிப் பாலவாக்கம், கொட்டிவாக்கம், திருவான்மியூர் ஆகிய ஊர்களின் கரைகளைக் கடந்து பெசன்ட் நகரை அடைகிறது. ஏற்ற இறக்கம் இல்லாத இவ்வழியைப் பகலில் இரண்டு மணி நேரத்தில் நடந்துவிடலாம். இரவில் ஆமைத் தடங்களைத் தேடியும், குழிகளைத் தோண்டியும் செல்வதால் நள்ளிரவை ஒட்டிப் புறப்படுவோர் விடியலுக்குச் சற்று முன்பே முடிக்கின்றனர். பெசன்ட் நகருக்கு வடக்கே அடையாற்றின் முகத்துவாரம் குறுக்கிடுகிறது. அதனால் மெரினாப் பகுதிக்குத் தனிக் குழு செல்கிறது.

இக்கரையில் ஒரு காலத்தில் தொடர்ச்சியான மணல் மேடுகள் இருந்தன. சங்க இலக்கியத்தின் நெய்தல் நிலத்தில் இடம்பெறும் அடம்புக் கொடியும், இராவணன் மீசை எனப்படும் முள் புல்லும் காற்றில் பறக்கும் மணலைப் பிடித்துவைத்து இம்மேடுகளை உருவாக்குகின்றன. கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி வீடுகள் பெருகியபோது பல மேடுகள் சமப்படுத்தப்பட்டன. மதில்கள் கடலை நெருங்கின. ஆமைகளுக்கு இது சிறிய இழப்பன்று. உயர் அலை எட்டாத, ஈரம் மிகாத மணலையே ஆமை தேடுகிறது. அத்தகைய மணல் மேட்டின் அடிவாரத்தில்தான் கிடைக்கும். மேடு நகரத்தின் ஒளியை ஓரளவு மறைக்கவும் செய்தது.

தடமும் குழியும்

பங்குனி ஆமை (லெப்பிடோகெலிசு ஒலிவாசியா) கடலாமைகளில் சிறிய இனங்களுள் ஒன்று. இதன் ஓடு ஏறத்தாழ 60 முதல் 70 செ.மீ. நீளமுடையது, எடை 35 முதல் 50 கிலோ வரை இருக்கும். பங்குனி மாதத்தை ஒட்டிக் கரைக்கு வருவதால் இப்பெயர் பெற்றது. ஒடிசாவின் ருசிகுல்யா, கஹிர்மாதா போன்ற இடங்களில் இலட்சக்கணக்கில் ஒன்றுசேர்ந்து முட்டையிடும் இதே இனம், சென்னையில் தனித்தனியாகவே கரையேறுகிறது. நடை தேவைப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்: எங்கே, எப்போது வரும் என்று முன்கூட்டிச் சொல்ல இயலாது.

ஆமை ஏறி இறங்கிய இடத்தில், சிறு வண்டி ஒன்று ஓடியது போன்ற அகன்ற தடம் மணலில் பதிந்திருக்கும். பங்குனி ஆமை துடுப்புகளை மாற்றி மாற்றி வைத்து நகர்வதால் இருபக்கத் தடங்களும் ஒன்றுக்கொன்று தள்ளி விழுகின்றன. தடத்தின் முடிவில் மணல் கலைந்த பரப்பு காணப்படும். முட்டையிட்ட பின் ஆமை தன் உடலை இடமும் வலமுமாக ஆட்டி மணலை அடித்து இறுக்கிவிடும் என்பதால் குழி இருக்கும் இடம் கண்ணுக்குத் தெரிவதில்லை. தன்னார்வலர் ஒரு கோலால் மணலை மெல்ல அழுத்திப் பார்க்கின்றனர். இறுகாத மணல் உள்ள இடத்தில் கோல் எளிதாக இறங்கும். இதற்கு நல்ல பயிற்சி வேண்டும். அவசரப்பட்டால் முட்டை உடையும்.

குழி கூசா வடிவில், ஏறத்தாழ 45 செ.மீ. ஆழம் கொண்டது. அதில் 100 முதல் 120 முட்டைகள் வரை இருக்கும். ஆழமும் அகலமும் அளக்கப்பட்டு, அதே அளவில் பொரிப்பகத்தில் குழி தோண்டி முட்டைகள் வைக்கப்படுகின்றன. இட்ட சில மணி நேரத்துக்குள் மாற்ற வேண்டும். அதன் பின் கரு ஓட்டின் உட்புறத்தில் ஒட்டிக்கொள்வதால், முட்டையைப் புரட்டினால் கரு இறந்துவிடக்கூடும். நடை இரவில் நடப்பதற்குக் காரணம் இதுவே. காலை வரை காத்திருந்தால் நாய்களும் முந்திக்கொள்ளும்.

வரலாறு

இந்நடையின் தொடக்கம் கடற்கரையில் அன்று, கிண்டியில் உள்ளது. உரோமுலசு விட்டேக்கர் நிறுவிய பாம்புப் பண்ணை 1972 இல் கிண்டிக்கு வந்தது. அதைச் சார்ந்த இளைஞர்கள் 1970களின் முற்பகுதியில் சென்னைக் கரையில் இரவில் நடந்து ஆமை முட்டைகளைச் சேகரிக்கத் தொடங்கினர். அக்காலத்தில் முட்டைகள் உணவுக்காகத் தோண்டி விற்கப்பட்டன. 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பின்னர் கடலாமைகளுக்கு முதல் அட்டவணைப் பாதுகாப்பு அளித்தது.

இவர்களுள் குறிப்பிடத்தக்கவர் சதீசு பாசுகர் (இறப்பு: 2023). கிண்டியை அடுத்துள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பொறியியல் பயில வந்த இவர், ஆமைகளைத் தேடி இந்தியக் கரையில் 4000 கி.மீ.க்கும் மேல் நடந்தார். 1982 இல் மழைக்காலம் முழுவதும் இலட்சத்தீவுகளின் ஆளில்லாத் தீவு ஒன்றில் தனியே தங்கி ஆய்வு செய்தார். அங்கிருந்து மனைவிக்கு எழுதிப் புட்டியில் அடைத்துக் கடலில் விட்ட கடிதம், இலங்கை மீனவர் ஒருவர் கையில் கிடைத்து, அஞ்சலில் வீடு சேர்ந்தது.

பின்னர் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமும், 1980களில் தமிழ்நாடு வனத்துறையும் பொரிப்பகங்களை நடத்தின. வனத்துறை நிறுத்தியபோது மாணவர்கள் அப்பணியை ஏற்றனர். பொரிப்பகம் பெசன்ட் நகர்க் கரையில் அமைந்தது.

பொரிப்பகம் பற்றிய கருத்து வேறுபாடு

முட்டையை இடம் மாற்றாமல் விடுவதே சிறந்தது என்பது ஆய்வாளர்களின் பொதுவான கருத்து. பங்குனி ஆமையின் பால் குரோமோசோமால் அல்லாமல் மணலின் வெப்பத்தால் முடிவாகிறது. ஏறத்தாழ 29–30 பாகை செல்சியசுக்கு மேல் பெண் குஞ்சுகள் மிகும். கீழே ஆண் குஞ்சுகள் மிகும். பொரிப்பகத்தின் நிழலும் நெருக்கமும் இவ்விகிதத்தை மாற்றக்கூடும். இவ்வாதம் சரியானதே. எனினும் முட்டையை இருந்த இடத்திலேயே விட வேண்டுமானால், குஞ்சு வெளிவரும் இரவில் கரை இருட்டாக இருக்க வேண்டும். சென்னையில் இல்லாதது அதுதான்.

ஒளி

45 முதல் 60 நாட்களில் பொரியும் குஞ்சுகள் பெரும்பாலும் இரவில் மேலே வருகின்றன. அவை வெளிச்சமான தொடுவானை நோக்கி ஓடும் இயல்புடையவை. இயற்கையான கரையில் விண்மீன் ஒளியைத் திருப்பும் கடலே வெளிச்சமானது. மேடும் செடிகளும் இருண்ட பக்கம். நகரத்தில் இது தலைகீழாகிறது. குஞ்சுகள் தெருவிளக்கை நோக்கிச் சாலைக்கு ஏறி, வண்டியில் அடிபட்டோ, காலை வெயிலில் உலர்ந்தோ இறக்கின்றன. பருவகாலத்தில் நள்ளிரவுக்குப் பின் கடற்கரை விளக்குகளை அணைக்குமாறு ஆர்வலர்கள் நெடுங்காலமாகக் கேட்டு வருகின்றனர். மாநகராட்சி சில ஆண்டுகளில் அணைத்துள்ளது. தனியார் வீடுகளின் ஒளியும், நகரின் மேல் வானில் படரும் ஒளியும் அதனால் குறைவதில்லை.

பொரிப்பகத்தில் 45 ஆம் நாளை ஒட்டி ஒவ்வொரு குழியின் மேலும் கூடை கவிழ்க்கப்படுகிறது. வெளிவந்த குஞ்சுகள் அலைக்குச் சற்று முன்பாக மணலில் விடப்படுகின்றன. கடலுக்குள் கையால் போடுவதில்லை. ஆயிரத்தில் ஒன்று வளர்ந்த ஆமையாகும் என மதிப்பிடப்படுகிறது.

கடலில் நிகழும் இறப்புகள்

முட்டைகளைக் காப்பதால் மட்டும் இவ்வினம் காக்கப்பட்டுவிடாது. ஆமை நுரையீரலால் மூச்சு விடுவது. இழுவை மடியில் சிக்கினால் மேலே வர இயலாமல் மூழ்கி இறக்கிறது. 2025 சனவரியில் சென்னையிலும் அதனை அடுத்த கரைகளிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் இறந்து ஒதுங்கின. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இதைத் தானாக முன்வந்து விசாரித்தது. ஆமை மட்டும் வெளியேறும் வழியுள்ள வலைக்கருவியும், விசைப்படகுகள் கரையை ஒட்டி மீன் பிடிப்பதற்கான தடையும் நெடுங்காலமாகப் பேசப்படும் தீர்வுகள். கருவியின் வழியே மீனும் தப்பும் என்று மீனவர் தயங்குகின்றனர். நடை செல்வோர் இறந்த ஆமைகளையும் கணக்கிடுவதால், இக்கரையின் இறப்புகள் குறித்து ஆண்டுதோறும் தொடர்ச்சியான பதிவு கிடைக்கிறது.

பங்கேற்பு

தன்னார்வலர்கள் பருவம் முழுதும் இரவுதோறும் நடக்கின்றனர். பொதுமக்கள் வார இறுதி இரவுகளில் சேர்ந்து செல்லலாம். கைவிளக்கு, ஒளிப்படக் கருவியின் மின்னல் ஒளி, உரத்த பேச்சு ஆகியவை தவிர்க்கப்படுகின்றன. கரையேறும் ஆமை இவற்றால் அஞ்சி முட்டையிடாமலே திரும்பிவிடும். பல இரவுகளில் ஒரு தடம்கூடத் தென்படுவதில்லை. ஆமையையே நேரில் காண்பது அதனினும் அரிது.